ஊர்க்கூட்டம் ஒரு புத்தகத்தைத் தடை செய்ய முடியுமா?

மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரிலிருந்து 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஊர், பெயர், புத்தகத் தலைப்பு மூன்றையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறோம்.

கணவர் நாட்டுப்படகில் தொழில் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன்பு இவரும் தீவுப்பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர்தான். 2025 ஜனவரியில் ஒன்பது சிறுகதைகள் கொண்ட தொகுப்பைச் சொந்தச் செலவில் 300 பிரதி அச்சடித்தார். அதில் ஒரு கதை, கணவன் இலங்கைச் சிறையில் இருக்கும்போது பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கும் சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவருக்கும் ஏற்படும் உறவைச் சொல்கிறது. அதன் இரண்டு பக்கங்களை யாரோ செல்போனில் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஊர்க்கூட்டம் கூடியது. மன்னிப்புக் கேட்க வேண்டும், மீதிப் பிரதிகளை எரிக்க வேண்டும், 50,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், அதுவரை கணவரின் படகு கடலில் இறங்கக் கூடாது என்று முடிவாகியிருக்கிறது. போலீஸிலும் மனு கொடுத்திருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் புத்தகம் விற்ற 63 வயதுக் கடைக்காரரிடமிருந்து 40 பிரதிகளைப் போலீஸார் எடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் வருவாய்த்துறை அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. அங்கே போட வேண்டிய கையெழுத்துக்கான தாள் முன்கூட்டியே டைப் செய்யப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. "ஆபாசமாக எழுதியதை ஒப்புக்கொள்கிறேன், மீதிப் பிரதிகளை ஒப்படைக்கிறேன், இனி இவ்வாறு எழுத மாட்டேன்" என்பது அதன் வாசகம்.

வாசகி கேட்பது: புத்தகம் தடையாகிவிட்டதா? கையெழுத்துப் போட்டால் பிரச்சினை தீருமா? ஜெயில் உண்டா? "இலக்கியம் என்றால் சட்டம் தொடாது, பெருமாள்முருகன் தீர்ப்பைக் காட்டினால் போதும்" என்று நண்பர் ஒருவர் சொல்வது சரியா? புத்தகம் கிடைக்காதவர்களுக்குப் பி.டி.எஃப். அனுப்பலாமா? கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "கதையில் வரும் அக்கா யாரென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தத் தாள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர் அமைதிக்காக ஒரு கையெழுத்துதானே என்று தோன்றும். ஆனால் "ஆபாசமாக எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்" என்ற முதல் வரி, நாளை வழக்கு வந்தால் அரசுத் தரப்பு கஷ்டப்பட்டு நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கிறது. வருவாய் அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல. அவர் முன் எழுதித் தருவதற்கு அந்தக் காப்பு அப்படியே கிடைக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வக்கீலைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

நாமக்கல்லில் 2015 ஜனவரி 12-ஆம் தேதி நடந்ததும் இதேபோன்ற ஒரு பேச்சுவார்த்தைதான். 'மாதொருபாகன்' நாவலுக்காகப் பெருமாள்முருகனை மன்னிப்புக் கேட்க வைத்து, பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதற்குப் பிறகு, எழுதுவதையே நிறுத்திவிட்டதாக அவர் அறிவித்தார். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலை 5-ஆம் தேதி. நடுவில் போனது ஒன்றரை வருடம். போட்ட கையெழுத்தை நீதிமன்றத்தில் உடைக்க முடியும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு ஆதாரம். போடாமலே இருந்தால் உடைக்க வேண்டிய வேலை இல்லை.

தடை செய்கிற அதிகாரம் யாருக்கு?

உங்கள் புத்தகம் இன்றைய தேதியில் தடை செய்யப்பட்ட புத்தகம் அல்ல. ஊர்க்கூட்டமோ, சப்-இன்ஸ்பெக்டரோ, கோட்டாட்சியரோ, மாவட்ட ஆட்சியரோ ஒரு புத்தகத்தைத் தடை செய்ய முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆம் பிரிவுப்படி மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு, காரணங்களையும் அதிலேயே சொல்லி, பிரதிகளைப் பறிமுதலுக்கு உரியவை என்று அறிவிக்கலாம். பழைய சட்டத்தில் இது 95-ஆம் பிரிவு. காரணம் சொல்லாத பறிமுதல் உத்தரவு நிற்காது என்பதை ஹர்நாம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே முடிவு செய்துவிட்டது. அப்படி ஓர் அறிவிக்கை வந்தால், வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 99-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். கெடு இரண்டு மாதம்தான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வருவாய் அதிகாரிக்கு ஒன்றுமே அதிகாரம் இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். நிர்வாக நடுவர் என்ற முறையில், ஆபாசமானது என்று கருதப்படும் வெளியீட்டை அச்சிட்டு விற்பவரிடம் ஒரு வருடம் வரை நன்னடத்தைப் பிணை கேட்க 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. வக்கீல்களிலேயே பலர் கவனிக்காத பிரிவு இது. ஆனால் அதற்கு 130-ஆம் பிரிவின்படி, கிடைத்த தகவல் என்ன, எவ்வளவு தொகைக்குப் பிணை, எத்தனை காலம் என்று எழுத்தில் உத்தரவு தர வேண்டும். நீங்கள் பதில் சொல்லலாம், சாட்சி விசாரிக்கக் கேட்கலாம். "பேச்சுவார்த்தைக்கு வாங்க" என்று போனில் கூப்பிடுவது அந்த நடவடிக்கை ஆகாது. வந்த அழைப்பு எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பிரிவு எதுவும் இல்லையென்றால் அது வெறும் அழைப்பு. போகலாம், போகாமலும் இருக்கலாம்.

உங்கள் கதை சட்டப்படி ஆபாசமா?

நீங்கள் அனுப்பிய 61, 62-ஆம் பக்கங்களை மட்டுமல்ல, முழுக் கதையையும் வாசித்தேன். 61-ஆம் பக்கத்தில் அவள் கரையேறி, விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறித்துப் பறித்துக் கிழிந்த விரல்கள். உப்புத் தண்ணீர் பட்டு எரிகிறது. சம்மாட்டி விரலைக் காட்டச் சொல்கிறார். அடுத்த பக்கத்தில் ஆறு வரி, அவ்வளவுதான். பிறகு ஏலத்தில் நடக்கும் சண்டையில் கெட்ட வார்த்தைகள் வருகின்றன. மனுவில் அந்த வார்த்தைகளைத்தான் அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

கெட்ட வார்த்தை வேறு, ஆபாசம் வேறு. வங்காள எழுத்தாளர் சமரேஷ் போஸின் 'பிரஜாபதி' வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. கொச்சை அருவருப்பைத் தரலாம், அதற்காக அது படிப்பவரின் மனத்தைக் கெடுக்கும் ஆபாசம் ஆகிவிடாது. 2024-இல் ஓர் இணையத் தொடர் தொடர்பான வழக்கிலும் அதையே மறுபடி சொன்னது. படத்தையோ எழுத்தையோ துண்டாகப் பார்க்காமல், அது சொல்லவரும் செய்தியோடு, இன்றைய சமூகத்தின் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது 2014 அவீக் சர்க்கார் தீர்ப்பு. 1868-இல் இங்கிலாந்தில் பிறந்த ஹிக்ளின் அளவுகோலை, அதாவது எளிதில் கெடக்கூடிய மனதுக்காரர் கையில் இது கிடைத்தால் என்னாகும் என்று பார்க்கும் முறையை, அந்தத் தீர்ப்பு கைவிட்டது. இவற்றை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆறு வரி தண்டனை வரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. மற்ற எட்டுக் கதைகளும் கண்ணியமானவை, புத்தகத்தை முழுசாகப் பார்த்தால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலுக்கு அந்த வாதம் சரி. தனித்தனிப் பகுதிகள் கொண்ட புத்தகமாக இருந்தால், அதில் ஏதேனும் ஒன்றின் விளைவைத் தனியாகப் பார்க்கலாம் என்று சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. ஆகவே உங்களுக்கு அலகு புத்தகம் அல்ல, அந்த ஒரு கதை. அந்தக் கதையை முழுதாக வாசிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் வாதம். இரண்டாவது, இலக்கியம் என்றால் சட்டம் தொடாது என்பது. விலக்கு உண்டு, தானாக வராது. இலக்கியத்தின் பொருட்டு, பொதுநலனுக்காக வெளியிடப்பட்டது என்று நிரூபிக்கப்பட்டால் விலக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். 'பிரஜாபதி' வழக்கில் புத்ததேவ போஸ் போன்ற பெரிய எழுத்தாளரே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அப்படியும் 1968-இல் கீழ் நீதிமன்றம் தண்டித்தது, 1972-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, விடுதலை வந்தது 1985-இல். இன்றே செய்ய வேண்டியது: தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர், விமர்சகர் ஒருவர், கடலோர வாழ்க்கையை ஆய்வு செய்தவர் ஒருவர் ஆகியோரிடம் கதையைக் கொடுத்து, தேதியிட்ட கருத்துரை வாங்கி வையுங்கள்.

சேது சீமையில் இப்படி எழுதுவதெல்லாம் புதிதா என்று கேட்டிருந்தீர்கள். புதிதில்லைதான். நாணிக் கண் புதைத்தல் என்ற ஒரே அகத்துறையில், அதாவது ஒரே காதல் சூழலில், நானூறு பாட்டைக் கேட்டு ரசித்தது ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் சபை. அமிர்தகவிராயர் பாடிய ஒருதுறைக்கோவை அது. ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களில் சேதுபதி பெண்களோடு இருக்கும் அந்தரங்கக் காட்சிகளும் உண்டு. வாதத்தில் ஒரு பத்தியாக வைக்கலாம், முதுகெலும்பாக வைக்காதீர்கள். நீதிமன்றம் பார்ப்பது இன்றைய அளவுகோலை. ஓவியங்களுக்கு உள்ள விலக்கும் கோயில்களுக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் நினைவுச் சின்னங்களுக்கும் உரியது. அச்சுப் புத்தகத்துக்கு அது நீளாது.

ஜெயில் பற்றி. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவில், ஆபாச வெளியீட்டுக்கு முதல் முறை தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். போலீஸ் தானாகவே எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம், ஆனால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் குற்றம். உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினால் எஃப்.ஐ.ஆரே போட மாட்டார்கள் என்பது நண்பரின் ஆசை. தீர்ப்பு, வழக்கை ரத்து செய்யக் கேட்கும்போதுதான் கைகொடுக்கும். கவனிக்க வேண்டியது வேறு. இரு பிரிவினரிடையே பகை மூட்டியதாக 196-ஆம் பிரிவையும் சேர்த்தால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம். அப்போது உடனே மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் மனு போட வேண்டும். அந்தப் பிரிவில் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியாது என்பதையும் வக்கீல் எடுத்து வைப்பார்.

உங்களைவிடக் கடைக்காரருக்கு ஆபத்து அதிகம்

இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். "அவர் படிக்கவே இல்லை, விற்றார் அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பாயில் 'லேடி சாட்டர்லிஸ் லவர்' விற்ற ரஞ்சித் உதேஷி சொன்ன வாதமும் ஏறக்குறைய இதுதான். புத்தகம் ஆபாசமானது என்று விற்பவருக்குத் தெரிந்திருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் இருபது ரூபாய்தான். ஆனால் அந்த வழக்கு இன்றுவரை புத்தகக் கடைக்காரர்களின் தலைக்கு மேல் தொங்குகிறது. அளவுகோல் மாறிவிட்டது, இந்தப் பகுதி மாறவில்லை. எழுதிய உங்களுக்கு இலக்கிய நோக்கம் என்று சொல்ல வாய் இருக்கிறது. அவருக்குச் சொல்ல உங்கள் வாதத்தைத்தான் கடன் வாங்க வேண்டும்.

ஆகவே இருவருக்கும் ஒரே வக்கீல் இருப்பது நல்லது. எடுத்துப்போன 40 பிரதிக்கு மகஜர் தந்தார்களா என்று அவரிடம் கேளுங்கள். எத்தனை பிரதி, எந்தத் தேதி, யார் சாட்சி என்று எழுதிக் கையெழுத்திட்ட பட்டியல் இல்லையென்றால், அதைக் கேட்டு அவர் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பட்டும். இப்போது பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. விற்ற பில்களையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்றிருந்தால் நியாய சன்ஹிதாவின் 295-ஆம் பிரிவு வரும், அதில் தண்டனை மூன்று ஆண்டு வரை. ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுக்க நினைத்திருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

பி.டி.எஃப். அனுப்பவே அனுப்பாதீர்கள். தாளில் இருந்து செல்போனுக்குப் போன நிமிடம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு வருகிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். இலக்கிய விலக்கு அங்கேயும் உண்டு, அங்கேயும் நிரூபிக்கத்தான் வேண்டும். போதாததற்கு, புத்தகத்தை வாங்காதவர் கைக்கும் சிறுவர் கைக்கும் அது போகும். எவர் கையில் சேரக்கூடும் என்பது ஆபாச வழக்கில் முக்கியமான கேள்வி. ஊர்க் குழுவில் அந்த இரண்டு பக்கங்களைப் பரப்பியவர்கள் செய்ததும் அதே காரியம்தான். திரைப்பதிவை நேரம், தேதி, எண்ணோடு எடுத்து வையுங்கள்.

கதையில் வரும் அக்கா

அந்த ஒற்றை வரிதான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது. ஆபாச வழக்கில் ஜெயிக்கலாம். அடையாளம் தெரியும்படி எழுதியதற்கான அவதூறு வழக்கு வேறு வகை. அதற்கு இலக்கியம் என்பது விடையாகாது. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தச் சம்மாட்டியோ அந்தப் பெண்ணோ நீதிமன்றத்தில் தனிநபர் புகார் கொடுத்தால், புகாரை ஏற்பதற்கு முன்பே நீதித்துறை நடுவர் உங்களைக் கேட்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு புதிதாக ஒரு வாய்ப்புத் தருகிறது. அந்த அறிவிப்பு வந்தால் அசட்டையாக விடாதீர்கள்.

வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெண் சந்தையில் நடக்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், ஊர்க்கூட்டத்தின் கோபம் நியாயமற்றதாக இருந்தாலும் அவரது வருத்தம் நியாயமானது. நேரில் போய்ப் பேச முடிந்தால் பேசுங்கள். அடுத்த பதிப்பில் தெரு, படகின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை போன்ற அடையாளங்களை மாற்றுவது ஆசிரியராக நீங்களே எடுக்கும் முடிவாக இருக்கட்டும். டைப் அடித்து வந்த தாளில் ஒரு நிபந்தனையாக அல்ல.

படகும் அபராதமும்

50,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஊர் அபராதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மிரட்டி வாங்கினால் அது பணம் பறிப்பு. படகை இறக்கவிடாமல் மறிப்பது முறையற்ற தடுப்பு. "கடலுக்குப் போனால் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் குற்றமுறு மிரட்டல். யார், எந்தத் தேதியில், எந்தப் படகுத்துறையில் நின்று, என்ன சொன்னார் என்று எழுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாதுகாப்புக் கேட்டு ரிட் மனு. எதிர்ப்பும் மிரட்டலும் வருகிறது என்பதற்காகப் பேச்சுரிமையை நசுக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்று 1989-இல் ஒரு தமிழ்த் திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அங்கே வைக்கலாம்.

இதில் ஒரு விலை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மீது மனு கொடுத்த பிறகு அதே ஏலக்கூடத்தில் மீனைக் கொண்டுபோய்ப் போட வேண்டியவர் உங்கள் கணவர். வருமானம் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சிலர் முதலில் மனுவை எழுதி வைத்துக்கொண்டு, நம்பகமான ஒரு பெரியவர் வழியாக அபராதத்தைக் கைவிடப் பேசிப் பார்த்து, ஒரு வாரம் கழித்துக் கொடுக்கிறார்கள். அது கோழைத்தனம் இல்லை. ஆனால் பேச்சு எதுவும் தாளில் முடியக் கூடாது.

இந்த வாரம்

வக்கீல் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண் என்ற தகுதியிலேயே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்பதை அவர் மூலம் பாருங்கள். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால், சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவராகவா என்று கேளுங்கள். சாட்சி என்றால் பெண்ணான உங்களையும் அறுபது கடந்த கடைக்காரரையும் வீட்டுக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள், போகாததே கைதுக்குக் காரணமாகும்.

பேச்சுவார்த்தைக்குப் போவதென்று முடிவு செய்தால் வக்கீலோடு போங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் நிலையை எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: புத்தகம் எந்த உத்தரவாலும் தடை செய்யப்படவில்லை, யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, படகை மறிப்பதை நிறுத்தப் பாதுகாப்பு வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூட்டக் குறிப்பில் கையெழுத்துக் கேட்டால், வந்திருந்ததற்கு மட்டும் என்று உங்கள் கையால் எழுதி, "மேற்கண்ட முடிவுகளுக்குச் சம்மதமில்லை" என்பதையும் அதே வரியில் சேர்த்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். இடம் விடாமல் எழுதுங்கள்.